காருக்கு அளவெடுத்த பாயம்மா

கார் சாமான் கடையில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற எல்லாருக்கும் தெரியும்: வருகிறவர் காரின் கலரைச் சொல்வார், ஓனர் பேரைச் சொல்வார், போன வாரம் அது எந்த ஊரில் நின்றுபோனது என்றுகூடச் சொல்வார், மாடலை மட்டும் சொல்ல மாட்டார்.

சொன்னாலும் எனக்குப் புரியாது. நான் தையல்காரி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பழைய கார்களுக்குக் கண்ணாடி, அதன் ஓரத்தைச் சுற்றிப் போடுகிற ரப்பர் பீடிங், பம்பர் விற்கிற கடை என் கணவருடையது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் பரண்மேல் ஏறி பம்பர் எடுக்கப்போய், பம்பரோடு கீழே விழுந்தார். இடுப்பு எலும்பு. மூன்று மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடை இருக்கும் இடம் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. நான் மச்சான் என்று கூப்பிடுகிற அந்த அண்ணனுக்கு, அங்கே பேன்ஸி ஸ்டோர் வைக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அவர் கெட்டவர் இல்லை, வளையல் நன்றாக ஓடும் என்று நம்பினார், அவ்வளவுதான். கடையைத் திறப்பதற்கு முந்தின நாள் வந்து எனக்குக் கெடு வைத்தார். கடை போய்விட்டால், நாளைக்கு எழுந்து நடக்கிறபோது என் கணவருக்குப் போய் உட்கார ஓர் இடம் இருக்காது. அதை நினைத்துத்தான் தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு ஷட்டரைத் தூக்கினேன். மச்சான் சொன்னது இது: "மூணு மாசம் நீ பாரும்மா. ஊரு சிரிச்சிதுனா நான் போர்ட மாத்திடுவேன்."

*அடுத்தவன் பல்லு*

ஊர் சிரிக்கிற மாதிரி முதல் தப்பைச் செய்ய எனக்கு நான்கு நாள்தான் ஆனது. பெருநகரிலிருந்து கல்யாண வாடகைக்கு வண்டி ஓட்டுகிற ஒருவர் வந்தார். "வெள்ளை அம்பாசடர், முன்னாடி ஜாலி வோணும்" என்றார். ஜாலி என்றால் காரின் மூஞ்சியில் இருக்கிற கம்பித் தட்டி, சுவரில் ஒன்று தொங்கியது. அம்பாசடரில் வெள்ளை தவிர வேறென்ன இருக்கிறது என்று நினைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் அதே பஸ்ஸில் ஜாலியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். வருஷத்துக்கு வருஷம் மூஞ்சியை மாற்றியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றில் கம்பி படுக்கையாக இருக்கும், ஒன்றில் கட்டம் கட்டமாக இருக்கும், பார்க்க எல்லாம் ஒரே வண்டிதான். மறுநாள் முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்னை என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இதைத்தான் கேட்டார்: "இன்னா பாயம்மா, என் வண்டிக்கு அடுத்தவன் பல்ல குடுத்து அனுப்பிகீறீங்க?"

*தையலுக்கு அரை இஞ்சு*

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிளவுஸ் தைக்க வருகிறவளிடம் நான் என்ன மாடல் என்றா கேட்கிறேன்? அளவு பிளவுஸ் கொண்டா என்கிறேன். காருக்கும் அதையே செய்தால் என்ன? மறுநாள் முதல், யார் வந்தாலும் பழைய நியூஸ்பேப்பரைக் கையில் கொடுத்தேன். வண்டிமேல் பேப்பரை வைத்து, ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்த்து, அந்த மடிப்பிலேயே வெட்டிக் கொண்டுவாருங்கள். மேல் பக்கத்தில் 'மேல்' என்று எழுதிவிடுங்கள். கொஞ்ச நாளில் பின் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, விளக்கு வளையம் எல்லாம் கடைச் சுவரில் பேப்பராகத் தொங்கின. எந்தப் பேப்பரோடு எது ஒட்டுகிறது என்று பார்த்தே ரெண்டு கதவு வண்டி எது, நாலு கதவு வண்டி எது, டிக்கி சரிந்தது எது, தூக்கியது எது என்று எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

கர்வம் வந்தால் சும்மா இருக்குமா? பழையசீவரத்திலிருந்து ஒரு ஜீப்காரர் பக்கக் கண்ணாடிக்குப் பேப்பர் கொண்டுவந்தார். அருமையாக வெட்டியிருந்தார். நான் அதைக் கண்ணாடிமேல் வைத்துக் கோடு போட்டு, கண்ணாடி அறுக்கிறவரிடம் கொடுத்தேன். அறுத்த கண்ணாடி ஜீப்புக்குள் போகவே இல்லை. சுற்றிலும் அரை இஞ்சு பெரிது. யாரிடம் தப்பு என்று ஆளாளுக்கு யோசித்தோம். பதினைந்து வருஷப் பழக்கம், நான்தான் என்னையறியாமல் தையலுக்கு விட்டு வரைந்திருக்கிறேன். சாதாக் கண்ணாடி என்பதால் மறுபடி ஓரம் அறுத்துக் கொடுக்க முடிந்தது. அதுவரை வெயிலில் காத்திருந்த ஜீப்காரர் கேட்டார்: "நாளைக்கு வண்டி குண்டாச்சினா பிரிச்சி வுட்டுக்கலாம்னு வெச்சியா பாயம்மா?"

*படுக்கையிலிருந்து*

இந்த அரை இஞ்சுக் கதையைக் கணவரிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றிருந்தேன். வீட்டுக்குப் போனால், அதே ஜீப்காரர் அவரைப் பார்க்க வந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போயிருந்தார். விழுந்ததிலிருந்து சிரிக்காத மனுஷன், இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அந்த ஜீப்காரருக்கு நான் இன்றைக்கும் துவா கேட்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கணவர் சொன்னார்: "சிரிக்க வெக்காதடி, இடுப்பு வலிக்குது. ஆமா, மீதியையும் சொல்லு."

*காவாந்தண்டலத்து ஸ்போர்ட்ஸ் கார்*

கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. காவாந்தண்டலத்தில் ஒரு ரைஸ் மில் கொட்டகையில் ரெண்டே பேர் உட்காருகிற பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கிடந்தது. சென்னையிலிருந்து ஒருவர் அதை வாங்கி, பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கப் போவதாகச் சொன்னார். முன் கண்ணாடி, பிரேம், ரப்பர் எல்லாம் செட்டாகப் பம்பாயிலிருந்து வர வேண்டும். ஆனால் அந்த வண்டி ரெண்டு தினுசில் வந்திருக்கிறது. இரும்பு டாப் போட்டது ஒன்று, கான்வாஸ் மூடியைச் சுருட்டிவிட்டுத் திறந்தபடி போவது ஒன்று. ரெண்டுக்கும் செட் வேறு. தப்பான செட் வந்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

அந்த ஆர்டரை எங்கள் கடைக்குப் பிடித்துக்கொடுத்ததே மச்சான்தான். "இரும்பு டாப்பு கண்ணுக்கு எதுர்ல கீது, எழுதிப் போடு" என்றார். நான் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று பேப்பரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மச்சானும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சென்னைக்காரர் எங்களுக்கு முன்பே கொட்டகைக்கு வந்திருந்தார்.

டாப் இருந்தது, மேலே தவிட்டுத் தூசியும் இருந்தது. பேப்பரை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டு போனேன். சீட்டுக்குப் பின்னால், டாப் வந்து உட்காருகிற ஓரத்தில், பெயிண்டுக்கு அடியில் விரலில் ஒரு புடைப்பு தட்டியது. நாலு விரல் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அந்த இடைவெளி எனக்குத் தூக்கத்திலும் தெரியும். முந்தானையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துச் சுரண்டினேன். அடைத்திருந்த புட்டிப் பசை உதிர்ந்து ஓட்டை தெரிந்தது. "இது பிரஸ் பட்டன் வெச்ச எடம். இரும்பு டாப்புக்கு எதுக்கு பட்டன்? இது கான்வாஸ் மூடி போட்ட வண்டி" என்றேன்.

"பெரிய மனுஷர் முன்னாடி வூட்டு மானத்த வாங்காத" என்றார் மச்சான் என் காதில். நான் சொன்னது தப்பாகப் போனால் கடை போய்விடும். சென்னைக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு வண்டிக்குள் மல்லாந்து படுத்தார். டாப்பின் உள் ஓரத்தில் யாரோ ஒரு டிங்கர் வெல்டிங் வைத்த தழும்பு நீளமாக ஓடியிருந்தது. மழைக்கு ஒதுங்க முடியாத அந்தக் காலத்து ஓனர் எவரோ இரும்பு டாப்பை ஒட்ட வைத்திருக்கிறார். சென்னைக்காரர் தூசியோடு எழுந்து வந்து, மச்சானைப் பார்த்துச் சொன்னார்: "மூணு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து காட்டினேன் சார். ஒருத்தருக்கும் பட்டன் ஞாபகம் வரல."

*போர்டு*

திறந்த வண்டிக்கான செட் வந்தது, வைத்தால் வைத்தபடி பொருந்தி நின்றது. கெடு முடிந்த அன்று காலை மச்சான் போர்டு எழுதுகிறவரோடு வந்து நின்றார். பெயிண்ட் டப்பாவைப் பார்த்ததும் போர்டை மாற்றத்தான் என்று நினைத்தேன். ஸ்டூலை எடுத்து வெளியே போட்டேன்.

திட்டாமல் திரும்பி வந்தவர்களை அந்த நிமிஷம் ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டேன். அவர்கள் தப்புச் சாமானைப் பஸ்ஸில் சுமந்து வந்து என்னிடமே கொடுக்காமல், ஊரெல்லாம் சொல்லியிருந்தால் இந்த டப்பா எப்போதோ வந்திருக்கும். எழுதுகிறவர் ஸ்டூல்மேல் ஏறினார். மச்சான் சுவரில் தொங்கிய பேப்பர்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பேரு அப்டியே இருக்கட்டும். கீய 'இங்கு கார்களுக்கு அளவெடுக்கப்படும்'னு ஒரு வரி சேத்துக்கட்டுமா?"

என் கணவர் கைத்தடியோடு கடைக்குத் திரும்பி இத்தனை வருஷம் ஆகியும், கெடு முடிந்துவிட்டது, நீ தையலுக்குப் போகலாம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.