கோட்டுக்கு வெளியே அடித்த பச்சை

இன்று மேற்கு மாம்பலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை.

நான்கு வயது மகள் யாழினி கலர் அடித்துப் பழகுவதற்காக, பெரிய பெரிய எழுத்துகளை வெறும் வெளிக்கோடாகப் பிரிண்ட் எடுக்க அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். "இன்னும் ஓர் எழுத்துகூடச் சொல்ல மாட்டேங்கிறா" என்று அவள் டீச்சர் சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

மற்ற பக்கங்கள் வருவதற்குள், கடை பெஞ்சிலேயே யாழினி முதல் தாளில் இருந்த அ-வுக்குக் கலர் அடித்து முடித்துவிட்டாள். கோட்டுக்கு உள்ளே ஒரு பொட்டுகூட இல்லை. சுற்றிலும் தாள் முழுக்கப் பச்சை.

"கோட்டுக்குள்ள அடின்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்திவிட்டேன்.

கடைக்கார அக்கா தாளை வாங்கித் தூக்கிப் பிடித்தார். "இன்னாத்துக்கு மேடம் திட்றீங்க? எழுத்து எவ்ளோ பளிச்னு தெரியுது பாருங்க."

பச்சைக்கு நடுவில் வெள்ளையாக நின்றது அ. யாழினி அதன்மேல் விரலை ஓட்டி, யாரும் கேட்காமலே "அ" என்றாள். முதல்முறையாக.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனம் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டாமல் ஆ-வுக்கு நானே மஞ்சள் அடித்துக் காட்டினேன்.

யாழினி கடைக்கார அக்கா மாதிரியே தாளைத் தூக்கிப் பிடித்தாள். "ஆ பளிச்னு தெரியலையேம்மா."

நாளை இ. யார் கலர் அடிப்பது, நீங்களே சொல்லுங்கள்.