என் கணவர் மாட்டிய பெல்ட்

என் கணவர் கணினி நிறுவனம் ஒன்றில் மேலாளர். அதனால் உலகத்தில் உள்ள எல்லா வேலையும் தெரிந்தவர். போன வருடம் எங்கள் பழைய காரின் ஆல்டர்னேட்டர் பெல்ட் வெடிப்பு விட்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவது அந்த ரப்பர் பட்டையால்தான். செங்கல்பட்டில் எங்கள் தெருமுனையிலேயே ஒர்க்‌ஷாப் இருக்கிறது. "இதுக்குப் போய் ஒருத்தனா?" என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அவரே மாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. மூன்று முறை காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று முறையும் எனக்கு வகுப்பு எடுத்தார்.

மறுநாளிலிருந்து வண்டியைக் கிளப்பினாலே கிறீச்சென்று ஒரு சத்தம். தெரு நாய்கள் எழுந்து நின்று பார்த்தன.

"புது பெல்ட் அப்படித்தான் கத்தும். போகப்போகச் சரியாயிடும்."

"எதுக்கும் ஒர்க்‌ஷாப்ல ஒருதடவ காட்டிடலாங்க."

"உனக்கு அது புரியாது."

புரியாதுதான். எனக்குக் காது மட்டும்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கடப்பாக்கத்தில் அவருடைய அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. சென்சார் கோளாறு என்றார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏசி காற்று குறைந்தது. வெயில் என்றார். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் ஹாரன் முனகியது. எஞ்சின் இரண்டு உதறு உதறிவிட்டு நின்றது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். திறந்ததோடு சரி.

பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் போன் போட்டு ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். பைக்கில் ஒரு பேட்டரியோடு வந்தவர், பெல்ட்டைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். தொளதொளவென்று உள்ளே போனது.

"இன்னா சார் இது, போல்ட்ட டைட்டே வெக்கல. பெல்ட்டு வழுக்கிகினு கீது, சார்ஜ் எங்க ஏறும்? யாரு போட்டது?"

"ஊர்ல ஒரு மெக்கானிக்," என்றார் என் கணவர், கடல் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு.

"அவன்கிட்ட இனிமே வண்டிய வுடாத சார். வேல தெரியாதவன்."

"விடமாட்டோம்ணா," என்றேன். "அவருக்குப் பேச்சுதான் வரும்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு பேச்செல்லாம் என்னோடுதான். கம்பியால் ஆல்டர்னேட்டரை நெம்பிப் பிடித்து போல்ட்டை இறுக்கிவிட்டு, "அக்கா, நீ அமுக்கிப் பாரு. இவ்ளோதான் உள்ள போவணும். வழுக்கி வழுக்கி பெல்ட்டு தேஞ்சிக்கீது, நாளைக்கே மாத்திடு," என்றார். தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து வண்டியைக் கிளப்பினார். சத்தமே இல்லை.

கிரகப்பிரவேசப் பந்தியில் என் கணவர், பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று பக்கத்து இலைக்காரருக்கு அப்பளத்தை அமுக்கி விளக்கிக்கொண்டிருந்தார். அப்பளம் நொறுங்கியது. அவர் நிறுத்தவில்லை.

மறுநாள் வேறு பெல்ட் மாட்ட ஒர்க்‌ஷாப்புக்கு நானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அவரையும் கூப்பிட்டேன். ஆபீஸில் முக்கியமான மீட்டிங் என்றார். அன்று சனிக்கிழமை.