மேலே ஒன்று, நடுவில் பஞ்சு

போன மழைக்காலத்தோடு ஜலஜாவின் வீட்டில் தரை தீர்ந்துபோயிற்று.

காளிகாட் மெட்ரோவுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில், இரண்டு அறையும் ஒரு ஹாலும் கொண்ட வீடு. அறைகளில் கட்டிலும் அலமாரியும் போக, ஒரு ஆள் பக்கவாட்டில் நகரத்தான் இடம் இருந்தது. பெரிய துணி ஒன்றை மடிப்பில்லாமல் விரிக்க வேண்டுமென்றால் ஹாலுக்குத்தான் வர வேண்டும். மாமனார் மஹாதேவன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகு அந்த ஹாலுக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. அதன் பின்னாலேயே வாக்கரும் சக்கர நாற்காலியும் மருந்து மேஜையும் வந்தன. ஜன்னலோரமாக இருந்த கொஞ்சத் தரையை, பிசியோதெரபிக்கு வருகிறவர் தன் பங்காக எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மற்ற யாருக்கும் அந்தத் தரையின் ஞாபகம்கூட இல்லை. ஜலஜாவுக்கு மட்டும் தினமும் இருந்தது. அவள் துண்டுத் துணிகளை இணைத்து க்வில்ட் என்கிற மெத்தைப் போர்வை தைக்கிறவள்.

பகலெல்லாம் டல்ஹவுஸியில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் க்ளெய்ம் பிரிவில் வேலை. நசுங்கிய கார்களையும் எரிந்துபோன கிடங்குகளையும் பற்றி நாள் முழுக்கப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கைக்கு உடையாத வேலை ஏதாவது வேண்டியிருந்தது. வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். கரியாஹாட்டில் ஜாக்கெட் தைக்கும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பை பையாகக் கொடுத்தார்கள். அவற்றைத் துவைத்து, சாயம் போகிறவற்றை ஒதுக்கி, இஸ்திரி போட்டு, முக்கோணங்களாக வெட்டுவாள். குக்கர் சத்தம் போடுவதற்குள் ஒரு ஜோடி, பால் பொங்குவதற்குள் ஒரு ஜோடி என்று அடுக்களை மேடையிலேயே சேர்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினில் ஓட்டுவாள். முதலில் பைகளும் தலையணை உறைகளும் தைத்தாள். பிறகு இந்தப் பெரிய துணி. கருநீலத்தில் தொடங்கி, மூலைக்கு மூலை வெளிறி, கடைசியில் வெள்ளையாகிவிடும் ஒரு முழுக் கட்டில் அளவு. நடுநடுவே, எதிர்பாராத இடங்களில், கடுகு மஞ்சளில் ஒரு முக்கோணம். இரண்டு வருஷம் ஆயிற்று.

ஆனால் அது இன்னும் க்வில்ட் ஆகவில்லை. தைத்து முடித்தது மேல்துணி மட்டும்தான், டாப் என்பார்கள். கீழ்த்துணியைத் தரையில் இழுத்து ஒட்டி, அதன்மேல் மெல்லிய பஞ்சு விரிப்பைப் போட்டு, அதன்மேல் டாப்பை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊக்கு குத்திக்கொண்டே போக வேண்டும். ஒரு சுருக்கம் விழுந்தால் அது கடைசிவரை கூடவே வரும். பிறகுதான் மூன்றும் சேர மெஷின் தையல், அதன் பிறகு ஓரப்பட்டியைக் கையால் தைப்பது. இத்தனைக்கும் முதலில் வேண்டியது தரை. தரை இல்லாமல் டாப் அலமாரியில் மடித்தபடியே கிடந்தது.

அதற்கு வழி சொன்னவள் ராஜலக்ஷ்மி. பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர். க்வில்ட் தைக்கும் பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை அவள் வீட்டில்தான் கூடுவார்கள். ஜனவரியில் பக்கத்து மண்டபத்தில் ஒரு சின்னக் கண்காட்சி வைக்கிறார்கள். அதில் ஜலஜாவின் பெயரைக் கேட்காமலே சேர்த்திருந்தாள்.

"திங்கக்கிழமை கொண்டுவந்து குடுத்துடணும். முடிச்சதாத்தான் இருக்கணும். டாப்பை மட்டும் தூக்கிண்டு வந்தேன்னா வாசல்லயே நிறுத்திடுவேன், ஆமா. என் ஹால் காலியா இருக்கு. ரெண்டு நாள் லீவ் போட்டுட்டு வா."

ஜலஜா லீவ் போட்டாள். இத்தனை வருஷத்தில் காய்ச்சல், கல்யாணம், சாவு என்று எதுவும் இல்லாமல் அவள் போட்ட முதல் லீவ் அது. தன் பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுக்கு மேல் அந்த நீலம் தொங்குவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

வியாழக்கிழமை காலை, மாமனாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, பகலில் பார்த்துக்கொள்ள வரும் பெண் வந்தவுடன் அலமாரியைத் திறந்தாள். டாப் அங்கே இல்லை.

புடவைகளைக் கலைத்தாள். கட்டிலடியில் பார்த்தாள். கடைசியில் பேங்குக்குப் போயிருந்த கணவனுக்குப் போன் செய்தாள்.

"என் நீலத் துணியைப் பாத்தேளா?"

ஜெய்ராம் சிரிப்பது கேட்டது. "பதறாதே. சாயங்காலம் வரும். சர்ப்ரைஸ்."

"என்ன சர்ப்ரைஸ்? அது எங்க?"

"சொன்னா அப்புறம் அது சர்ப்ரைஸா? கஸ்டமர் நிக்கறார், வெச்சுடறேன்."

ராஜலக்ஷ்மியிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஜலஜா அந்த நாளைப் பருப்பு டப்பாக்கள் துடைப்பதில் கழித்தாள்.

சாயங்காலம் வாசலுக்குள் முதலில் ஒரு பெரிய சிவப்பு மூட்டை வந்தது. அதன் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, ஜெய்ராம் வந்தான். மூட்டையை ஹாலில் நாற்காலிமேல் போட்டுப் பிரித்தான். லேப். குளிர்காலத்துக்கு வங்காளிகள் வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் அதே பஞ்சுப் போர்வை; ஷாலு என்கிற சிவப்புத் துணிக்குள் புசுபுசுவென்று பஞ்சை அடைத்து, நீள நீளமாகத் தையல் ஓட்டியது.

"எப்படி?" என்றான்.

"இது என்ன?"

"உன் க்வில்ட். முடிஞ்சு போச்சு!"

"என் டாப் எங்க?"

அவன் லேப்பைத் திருப்பிப் போட்டான். அடியில் நீலம் இருந்தது. பஞ்சின் கனத்தில் முக்கோணங்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன. ஓர வரிசையில் இருந்த வெள்ளை முனைகள் தையலுக்குள் மடங்கிக் காணாமல் போயிருந்தன.

ஜலஜா அந்த முனைகளை விரலால் தேடுவதைப் பார்த்து ஜெய்ராமின் குரல் இறங்கியது. "நீதானே சொன்னே? மேல ஒண்ணு, நடுவுல பஞ்சு, கீழ ஒண்ணு, மூணையும் சேத்துத் தைக்கணும்னு. அதைத்தான் அப்படியே லேப்காரன்கிட்ட சொன்னேன். எது மேல, எது கீழன்னு சொல்லலை. அவ்வளவுதான். எப்ப முடிக்கப்போறேனோ, எப்ப முடிக்கப்போறேனோன்னு நீ சொல்லிண்டே இருந்தியே..."

கட்டிலிலிருந்து மஹாதேவன் தலையைத் தூக்கினார். "என்னடா அது, கல்யாணப் பந்தல் மாதிரி? வேடிக்கை பாத்தது போறும். இங்க கொண்டா, குளிர்றது."

ஜெய்ராம் மனைவியைப் பார்த்தான். சண்டை போட வேண்டிய இடம் அதுதான் என்று ஜலஜாவுக்குத் தெரிந்தது. அதற்கு முதலில் நின்றுகொண்டிருக்கத் தெம்பு வேண்டும். "போத்தி விடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசையப் போனாள்.

மஹாதேவன் ராத்திரிகளில் கூப்பிடுகிறவர். போர்வை நழுவிவிட்டது என்பார், தண்ணீர் என்பார், மணி என்ன என்பார். மகனைக் கூப்பிட்டால் அவன் எழுந்துகொள்வதில்லை என்பதால் மருமகளைத்தான் கூப்பிடுவார். அந்த ராத்திரி அவர் கூப்பிடவே இல்லை. ஜலஜா கண் திறந்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்குப் பயமாக இருந்தது. ஹாலுக்கு ஓடினாள். கிழவர் சிவப்பு மலைக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

காபி கலக்கும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவர் மறுப்பார். குளிர் என்பார், வயசானவன் என்பார். அதற்கெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு போய் நின்றாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"காபி ஆறிப்போச்சுன்னா? அதுதான் தெரியறதே."

"இந்த லேப்புக்கு அடியில இருக்கற துணி எனக்கு வேணும். நான் தைச்சது."

மஹாதேவன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். ரயில்வே ஆடிட்டில் இருந்தவர்; எதையும் சந்தேகத்தோடுதான் திருப்புவார். "இதுவா? லேப்காரன் மிச்சத் துணியை ஒட்டுப்போட்டு ஜெய்ராமை ஏமாத்திட்டான்னுன்னா நெனச்சேன். இத்தனூண்டு இத்தனூண்டா... எப்பத் தைச்சே?"

"ரெண்டு வருஷமா. அடுக்களையிலதான்."

"அடுக்களையில நீ சமைச்சிண்டிருக்கேன்னு நெனச்சேன்." கொஞ்சம் யோசித்தார். "அதான் சாம்பார் அப்படி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று நின்றாள்.

"எடுத்துக்கோ, போ. எனக்கு அந்தச் சிவப்பும் பஞ்சும் போறும். ராத்திரிக்குள்ள வந்தாகணும், சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் அப்படியே மிஞ்சிப்போயின. லேப்பை மடித்துக் கயிறு கட்டும்போது, அவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று ஜலஜாவுக்கு ஒரு கணம் தோன்றியது. கோபத்தோடு போய்ப் படுத்திருக்கலாம்.

லேப்காரர் கடை சந்து முனையில்தான். மூட்டையைப் பார்த்தவுடன் அவர் முகம் வாடிவிட்டது.

"பௌதி, போட்ட மறுநாளே லேப்பை யாராவது பிரிப்பாங்களா?" என்று வங்காளியில், அண்ணி முறை வைத்து, கேட்டார்.

"அடியில போட்டிருக்கிற துணி எனக்குத் திரும்ப வேணும். அதை ஏன் அடியில போட்டீங்க?" அவளும் வங்காளியிலேயே கேட்டாள். அது அவள் பள்ளிக்கூடத்திலிருந்து பேசி வருகிற பாஷை. கோபம் அதில்தான் ஒழுங்காக வரும். ஆனால் இன்று அதிலும் வரவில்லை.

அவர் தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "ஒட்டுப்போட்ட துணியை யார் மேலே போடுவாங்க, பௌதி? உங்க வீட்டுக்காரர் பேங்கில இருக்கிறவர். வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? அடியில போனா யாருக்கும் தெரியாதுன்னு, நானே என் கையிலிருந்து புதுச் சிவப்பு போட்டு மறைச்சேன்."

அவருக்கு அதில் பெருமைகூட இருந்தது. ஜலஜா அவரிடம் ஒன்றும் விளக்கப் போகவில்லை. லேப்பின் தையல் வருஷா வருஷம் பிரித்துப் பஞ்சைத் தட்டிப் போடுவதற்காகவே நீளமாகப் போடுவது. அவர் பிளேடை எடுத்து நாலு இழுப்பு இழுத்ததும், இரண்டு வருஷத்து நீலம் ஒரு கிழிசலும் இல்லாமல் அவள் கைக்கு வந்துவிட்டது. பஞ்சைச் சிவப்பிலேயே இரண்டு பக்கமும் போட்டுத் தைத்து, சாயங்காலம் வீட்டில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

இனித் தடை எதுவும் இல்லை. ஆட்டோ பிடித்து கரியாஹாட் போய், அங்கிருந்து பாலிகஞ்சுக்கு நடந்தாள். நடைபாதைக் கடைகளில் ஸ்வெட்டர்களைக் குவித்து வைத்திருந்தார்கள். கையிலிருந்த பை எடையே இல்லாமல் இருந்தது. கால்கள்தான் கனத்தன.

ராஜலக்ஷ்மி ஹாலைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள். கதையைக் கேட்டு, சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். "மேல ஒண்ணு, நடுவுல பஞ்சு! உன் ஆத்துக்காரரைக் கண்காட்சியில பேச வெக்கணும்டி!"

இருவரும் கீழ்த்துணியை இழுத்துத் தரையோடு டேப் ஒட்டினார்கள். பஞ்சு விரிப்பைப் போட்டு, டாப்பை அதன்மேல் விரித்தார்கள். மடங்கிக் கிடந்த வெள்ளை முனைகளை ஜலஜா ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். ராஜலக்ஷ்மி டீ போடப் போனாள். ஜலஜா நடுவில் மண்டியிட்டு முதல் ஊக்கைக் குத்தினாள். இன்னும் சிலது குத்தினாள். கை எட்டுவதற்காகச் சாய்ந்தாள். தரை குளிர்ந்திருந்தாலும் பஞ்சு விரிப்பு இதமாக இருந்தது.

விழித்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலடியில் ராஜலக்ஷ்மி முழங்கால்களில் நின்று, ஓரத்தில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள்.

"எழுந்துட்டியா? டீயை நானே குடிச்சுட்டேன்."

ஜலஜா மெல்ல எழுந்து விலகினாள். துணி முழுக்க ஊக்குகள் வரிசையாகப் பளபளத்தன. நடுவில் மட்டும், தலையும் தோளும் மடக்கிய முழங்காலும் தெரிகிற மாதிரி, ஊக்கே இல்லாத ஒரு இடம் கிடந்தது.

"எழுப்பியிருக்கலாமே, ராஜி."

"எழுப்பினேன். 'மாத்திரை மேஜைமேல இருக்கு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துண்டே." ராஜலக்ஷ்மி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நாளைக்கு என் பிள்ளை கிரீஷ் குடும்பத்தோட வரான், ஹால் போயிடும். ஆனா ஊக்கு குத்தியாச்சே. இப்பவே சுருட்டி எடுத்துண்டு போ. சனி, ஞாயிறு மெஷினை விட்டு எழுந்துக்காம உக்காந்தா முடிஞ்சுடும். ஓரத்தை நானும் வந்து தைச்சுத் தரேன்."

ஜலஜா கணக்குப் போட்டுப் பார்த்தாள். முடியும். இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்தால் முடியும். அவளுக்கு அது பழக்கம்தான். திங்கட்கிழமை கொடுத்துவிட்டால் மண்டபத்தில் அது தொங்கும். அதன் முன்னால் அவள் நின்றுகொண்டிருப்பாள், எங்கே உட்காரலாம் என்று பார்த்தபடி.

"என் பேரை எடுத்துடு."

"பைத்தியமா? இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"தைப்பேன். விடமாட்டேன். திங்கக்கிழமைக்கு வேண்டாம்."

ராஜலக்ஷ்மி கையிலிருந்த ஊக்குகளை டப்பாவில் போட்டாள். "சரி. இத்தனை ஊக்கை நான் சும்மா குத்தினேனா? அடுத்த வருஷமும் முடிக்கலேன்னா நானே அந்த லேப்காரர்கிட்ட குடுத்துடுவேன்."

போன் அடித்தது. ஜெய்ராம். "லேப் வந்துடுத்து. ஆனா அப்பா, நேத்திக்கு மெத்துனு இருந்தது, இன்னிக்கு சொரசொரங்கறதுங்கறார். உன் துணி எப்ப வரும்னு கேக்கறார்."

"வராது. புதுத்துணி அப்படித்தான் இருக்கும். என் பழைய காட்டன் புடவையை மடிச்சு உள்பக்கமாப் போடுங்கோ. ராத்திரி கூப்பிட்டார்னா இன்னிக்கு நீங்கதான் எழுந்துக்கணும்."

"சரி" என்றான்.

ஜலஜா போனைக் கீழே வைத்தாள். ஊக்கு டப்பாவை எடுத்து, துணியின் நடுவில் விட்டுப்போன இடத்தருகே போய் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"ராஜி, இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?"

"படு" என்றாள் ராஜலக்ஷ்மி. "ஊக்கு குத்திக்காம படு."