இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு

மூன்று வருடங்களுக்கு முன், மலேசியாவில் போர்டிக்சன் போகும் வழியில் இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது.

அதற்கு முந்தைய கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுது. ஆறு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள், "இன்னிக்கு வேணாங்க, முடியல" என்று கெஞ்சினாள். மனம் இளகி, டயாலிசிஸுக்கு அழைத்துப் போகாமல் விட்டேன். இரண்டாம் நாள் மூச்சுத் திணறி இறந்துபோனாள். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் வேன் ஓட்டத் தொடங்கினேன். பஸ் வராத தோட்டங்களில் உள்ள நோயாளிகளை வாரம் மூன்று முறை சிரம்பானில் உள்ள டயாலிசிஸ் நிலையத்துக்கு இலவசமாக ஏற்றிப் போவேன். யார் என்ன சாக்குச் சொன்னாலும் விடமாட்டேன். எல்லாரும் மெச்சினார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஒரு புதன்கிழமை காலை, அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்த ஓர் அக்கா வேனில் ஏறாமல் வாசலிலேயே நின்றார். ஒரு காலத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்.

"தம்பி, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு லா. ஜொகூர்லேருந்து மக வர்றா. பாத்து ரெண்டு வருசமாச்சு."

"மக எங்க ஓடிடப் போறா? மத்தியானம் கொண்டாந்து விட்டுடறேன். ஏறுக்கா" என்று அதட்டினேன். அவர் உள்ளே போய் அடுப்பிலிருந்த கறியை இறக்கி மூடிவிட்டு, வந்து ஏறினார்.

டயாலிசிஸ் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது அவருடைய இதயம் நின்றுவிட்டது. தாதிகள் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

நான் திரும்பிப் போனபோது மகள் வந்திருந்தாள். அம்மா வைத்த கறியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "நான் வர்றதப் பத்தி அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா அங்கிள்?" என்று கேட்டாள்.

"சந்தோசமா இருந்தாங்கம்மா" என்றேன். அக்கா என்னிடம் கெஞ்சியதைச் சொல்லாமல் விட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அம்மாவை இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்காம்.

வீட்டில் இருந்திருந்தாலும் உயிர் போயிருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். இன்றும் வேன் ஓட்டுகிறேன். யாராவது வேண்டாம் என்றால் இப்போது இறங்கிப் போய், ஏன் என்று கேட்கிறேன். என் மனைவி விஷயத்தில் செய்த தவற்றை அந்த அக்காவை வைத்துத் திருத்தப் பார்த்தேன் என்பது எனக்குப் புரிகிறது. அதை அந்த மகளிடம் சொல்லும் தைரியம்தான் இன்னும் வரவில்லை.