மாமனார் தள்ளிய தட்டு

ஒரு வருசம் முழுக்க எங்கள் வீட்டில் வைத்தியம் நடந்தது என் சமையலுக்குத்தான். மாமனார் நாலு வாய் தின்பார், வயிற்றைப் பிடிப்பார், தட்டைத் தள்ளுவார். ஆள் வற்றிக்கொண்டே போனார். நான் கிழக்கே வாழப்பாடிக்காரி, வாக்கப்பட்டது மேற்கே திருச்செங்கோட்டுப் பக்கம். போதாதா? "கெழக்கத்திக் காரம் எங்கப்பனுக்கு ஒத்துக்கலீங்க" என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பெரிய கண்டுபிடிப்பு! காரத்தைக் குறைத்தேன், புளியை நிறுத்தினேன், கடைசியில் வெறும் கஞ்சி. கஞ்சிக்கும் வலித்தது. நாத்தனாரே ஒருநாள் கறி ஆக்கிக்கொண்டு வந்தாள், அதையும் தள்ளினார். என் கஞ்சி குடலைக் கெடுத்துவிட்டதாம். என் வீட்டுக்காரர் செல்போனை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

நடந்தாலும் மாமனாருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். பால் சொசைட்டிக்குப் போவதற்குள் நின்று நின்று போவார். "இதுக்கும் என் குழம்புதானா?" என்று கேட்டேன். வாயாடி என்று பெயர் கிடைத்தது.

கடைசியில் டவுனில், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "குடலுக்கு ரத்தம் போற குழாய் சுருங்கிப்போச்சு. சாப்பிட்டா குடலுக்கு ரத்தம் அதிகம் வேணும், அது போகலை, அதான் வலி. காலுக்கும் இதே கதைதான். பீடி உண்டா?"

மாமனார் மின்விசிறியைப் பார்த்தார்.

குழாய்க்குள் கம்பி விட்டு, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைக்கலாமாம். முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து பைபாஸ். கால் அடைப்பு நீளமாக இருப்பதால் அதற்குப் பைபாஸ்தான். அவர் காலிலிருந்தே ரத்தக்குழாய் எடுத்துத் தைப்பார்களாம். அது பிறகு. முதலில் குடல், இல்லையென்றால் அழுகி உயிரே போய்விடும் என்றார்.

"எத்தனை நாளா வலிக்குது?"

"வருசமாச்சுங்க. சந்தைக்குப் போறப்ப ஓட்டல்ல தின்னாலும் வலிக்குமுங்க."

அடப்பாவி மனுசா! தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தாரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது அழுதவளும் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஸ்டென்ட்டே போதுமானதாக இருந்தது. வீடு திரும்பிக் கொஞ்ச நாளில், அதே பருப்பு, அதே காரம் வைத்துப் பரிமாறினேன். வழித்துத் தின்றார். எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார், "நாஞ் சொல்லிச் சொல்லி இவளுக்கு ஒருவழியா சமையல் வந்துருச்சுங்கப்பா" என்றாள்.

நான் மாமனாரைப் பார்த்தேன். இப்போதாவது ஒரு வார்த்தை.

வாயைத் திறந்தார்.

"இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து சாமி."