உள்ளங்கையளவு வெண்கலச் சிங்கம்

லண்டன் அருங்காட்சியகத்தில், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வார்த்த வெண்கலத் தகடு ஒன்றின் முன் நிற்கிறேன். உள்ளங்கையளவுதான். அதில் ஒரு வீரன் சிங்கத்தின் கழுத்தை நெரிக்கிறான். ‘பழைய ரோமானியச் சிற்பத்தைப் பின்பற்றியது’ என்று குறிப்பு புகழ்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. சோழர் சிலைகளைப் பார்த்து நான் வார்த்த சிலைகளை, ‘வெறும் நகல்’ என்று சென்னைக் கண்காட்சியில் போன மாதம்தான் திருப்பி அனுப்பினார்கள்.

“இவனும் பார்த்துத்தானே செஞ்சிருக்கான்?” என்கிறேன், அங்கே காவலுக்கு நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரரிடம்.

“ஓம் தம்பி. ஆனா சிங்கத்தின்ர கண்ணைப் பாருங்கோ. அது பயப்பிடுது. ஒவ்வொரு நாளும் பாக்கிறன், எனக்குப் பாவமாக் கிடக்கு.”

குனிந்து பார்க்கிறேன். பயம்தான். நான் வார்த்த எந்த முகத்தைப் பற்றியும் யாரும் இப்படிச் சொன்னதில்லை. செத்துப்போன அந்த இத்தாலிக்காரன்மேல் பொறாமை இன்னும் கூடுகிறது.