குரங்கின் கன்னம் வீங்கியது

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் வேலை. சாயங்காலத்துக்குள் உடம்பு ஓய்ந்துவிடுகிறது. கவலை மட்டும் ஓய்வதில்லை.

போன மாதம் களத்தில் என் மகள் கையிலிருந்த மல்லாட்டையை ஒரு குரங்கு பிடுங்கியது. சற்று நேரத்தில் அதன் இரண்டு கன்னமும் வீங்கிவிட்டன. பொன்னுக்கு வீங்கியேதான் என்று நடுங்கிப்போனேன். அந்த நோய்க்குக் கழுத்தில் தங்கம் போடுவது எங்கள் வழக்கம். கூட வேலை செய்யும் அஞ்சலை அக்காவுக்கு இருப்பது ஒரே ஒரு சங்கிலி.

“ஜல்தி குடுக்கா, கொழந்தைக்கு ஒட்டிக்கினா இன்னா பண்றது?” என்று கெஞ்சி வாங்கி மகளுக்குப் போட்டேன்.

அதே குரங்கு திரும்பி வந்து, சங்கிலியைத் தலைவழியே உருவிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிட்டது. எனக்கு உயிரே இல்லை. அதுவோ புறங்கையால் கன்னத்தை அமுக்கி, உள்ளே பதுக்கியிருந்த மல்லாட்டையை ஒவ்வொன்றாக வாய்க்குத் தள்ளித் தின்றது. வீக்கம் வற்றிவிட்டது! பிறகு சங்கிலியைக் கடித்துப் பார்த்து, ருசிக்காமல் கீழே போட்டது.

“வீக்கம் கொரங்குக்கு, சங்கிலி உம் பொண்ணுக்கா? நல்லா வைத்தியம் பண்ணினடி போ!” என்றாள் அக்கா, சங்கிலியை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

இப்போதெல்லாம் மகளின் கன்னம் உப்பியிருந்தால் முதலில் வாயைத் திறக்கச் சொல்கிறேன். அப்புறம்தான் பயப்படுகிறேன்.